பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? நம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்பு போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும்: யாருக்கோ வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஆள்தான் மாறுகிறார்களே தவிர, கேள்வி மாறுவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

இதெல்லாம் பழைய கியர் வண்டிகளுக்கு. மாருதி 800, ஆம்னி, ஜென், அம்பாசடர், பழைய டீசல் ஜீப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் நம் பக்கத்தில் அவை இன்னும் மீன் கூடையும் மிளகாய் மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் புது வண்டிக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

எதையும் பார்க்காதீர்கள், கேளுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு, சாவியை ஒரே ஒரு தடவை திருப்புங்கள். மூன்றில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, எந்தச் சத்தமும் வராது. இல்லையென்றால் 'டிக்' என்று மட்டும் கேட்கும். அதுவும் இல்லையென்றால் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றும், ஆனால் எஞ்சின் பிடிக்காது. முதல் இரண்டும் கரண்டு சம்பந்தப்பட்டவை. அவற்றுக்காகப் பெட்ரோல் பில்டரைக் கழற்றுவது வீண். மூன்றாவதில் பேட்டரிமீது பழிபோட வேண்டியதில்லை. இந்த ஒரு பிரிவினையைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சாவியைத் திருப்பும் முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று குச்சியை ஆட்டிப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள், கிளட்சை முழுவதும் மிதியுங்கள். இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் கிளட்சை மிதிக்காமல் செல்ஃப் எடுக்காது. பழைய வண்டிகளில் அந்தக் காவல் கிடையாது. முதல் கியரில் நிற்கும் ஆம்னியில் சாவியைத் திருப்பினால் அது ஒரு முழம் முன்னே குதிக்கும். முன்னால் சுவர் இருந்தால் பரவாயில்லை, பிள்ளைகள் நிற்கக் கூடாது.

சாவியைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை. பேட்டரி செத்துவிட்டதா?

இருக்கலாம். ஆனால் தீர்ப்பு எழுதும் முன் ஹெட்லைட்டைப் போட்டு, ஒருவரை முன்னால் நிற்கவைத்து, சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கி மஞ்சளாகிச் சுருங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. சாவி திரும்பியவுடன் விளக்கு ஒரேயடியாக அணைந்து, சாவியை விட்டதும் திரும்ப எரிந்தால், பேட்டரி டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் அப்படியே நின்றால், கரண்டு செல்ஃப் மோட்டாருக்குப் போகவே இல்லை. அப்போது சாவி சுவிட்ச், செல்ஃப் மோட்டாரின் தலையில் உள்ள மெல்லிய ஒயர், பியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அந்த மெல்லிய ஒயரின் முனை பெரும்பாலும் ஒரு சிறிய தகட்டில் செருகியிருக்கும். நம் ஊரில் அந்தத் தகடு பச்சை பிடித்து உதிர்ந்துவிடும். பிடுங்கி, சுரண்டி, திரும்பச் செருகினால் பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும்.

பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அதெப்படிக் கெட்டுப்போகும்?

கெட்டுப்போயிருக்காது. நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், அதிகம் பணம் வீணாவதும் இங்கேதான். ஏர்வாடிப் பக்கமிருந்து ஒருவர் ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டு மூன்றாவதற்கு விலை கேட்டு வந்தார். ஒயரைப் பேட்டரிக் கம்பத்தில் கவ்விப் பிடிக்கும் கிளாம்பை வெளியே பார்த்தால் பளிச்சென்று இருந்தது, புகைப்படம் எடுக்கலாம். கழற்றி உள்வட்டத்தில் விரலைவிட்டுத் துடைத்தேன். பென்சில் முனையைத் தேய்த்ததுபோல் விரலெல்லாம் கருஞ்சாம்பல் நிறம். அந்தப் படலம்தான் பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவே சுவராக நின்றது. பத்து நிமிட வேலை. பழைய பேட்டரி இரண்டையும் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

விளக்கு எரிகிறதே, ஹார்ன் அடிக்கிறதே என்பார்கள். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சின்ன சந்தில் சைக்கிள் போகும், லாரி போகாது. அவ்வளவுதான் கணக்கு. நம் காற்றில் உப்பு இருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்துப் பார்த்த காற்று இது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். அந்தக் காற்றுக்கு உங்கள் கிளாம்ப் எம்மாத்திரம்?

சுத்தம் செய்வது எளிது. முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கி அடங்கும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கம்பத்தையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் மின்னும்வரை தேயுங்கள். தேய்க்க வேண்டியது உப்புத்தாளால். உப்பு தின்றதை உப்புத்தாள்தான் சரிசெய்கிறது, பெயர் வைத்தவர் நம் ஊர்க்காரராக இருக்க வேண்டும். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலைன் பூசுங்கள். முதலில் பூசிவிட்டுப் பிறகு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேண்டாம். உள்நாட்டில் ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் வேலை இது. கடலுக்கு அருகில் வண்டியை நிறுத்துகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட் காட்டுகிறது. அப்படியென்றால் பேட்டரி நல்லதுதானே?

இல்லை. 12 வோல்ட் பேட்டரி என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. சரியாக 12.0 என்றால் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். ஓடி நிறுத்திய உடனே அளக்காதீர்கள், கூடுதலாகக் காட்டும். சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும்.

உண்மை தெரிவது செல்ஃப் அடிக்கும்போதுதான். மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயக் கம்பங்களிலேயே வைத்துக்கொண்டு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். 12-ஐ ஒட்டியே நின்று, செல்ஃப்பும் சுற்றவில்லை என்றால் முந்தைய பதிலில் சொன்ன பிடிப்புக் கோளாறு, அல்லது செல்ஃப் மோட்டாரிலேயே கோளாறு. எஞ்சின் ஓடும்போது 13.8-இல் இருந்து 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. எத்தனை பேட்டரி மாற்றினாலும் மூன்றாம் நாள் என்னைக் கூப்பிடுவீர்கள்.

எதற்கெடுத்தாலும் எர்த் எர்த் என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?

எர்த் என்பது கரண்டு பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி. பேட்டரியின் நெகட்டிவில் இருந்து ஒரு தடித்த ஒயர் பாடிக்கோ கியர் பாக்ஸுக்கோ போகும். அதோடு, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே சடை பின்னியதுபோல் ஒரு செம்புப் பட்டை இருக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்திருப்பதால், இந்தப் பட்டை இல்லாவிட்டால் கரண்டு திரும்பி வர வழி கிடையாது. பட்டை வண்டியின் அடிவயிற்றில் இருக்கும். சாலைத் தண்ணீரும் உப்பு மண்ணும் முதலில் தெறிப்பது அதன்மீதுதான். மேலே பார்த்தால் பட்டை இருக்கும், கையால் இழுத்தால் மாவாகக் கொட்டும்.

ஓர் ஆம்னிக்காரர், 'செல்ஃப் அடித்தால் புகை வருகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை' என்று வந்தார். சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். சோக் கேபிளின் மேலுறை உருகிக்கொண்டிருந்தது. எர்த் பட்டை அறுந்துபோனதால், அத்தனை கரண்டும் சைக்கிள் பிரேக் கம்பி தடிமனே உள்ள அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. செல்ஃப் அடித்தபின் ஆக்ஸிலேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சூடாக இருந்தால் வேறெதையும் தேடாதீர்கள்.

சோதிக்க, இரு முனையிலும் கவ்வி உள்ள ஒரு ஜம்ப் ஒயர் போதும். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் கவ்வவிட்டு சாவியைத் திருப்புங்கள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் எர்த்தான் குற்றவாளி. மீட்டர் உள்ளவர்கள், செல்ஃப் அடிக்கும்போது நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையை மாற்ற வேண்டும்.

'டிக்' என்று ஒரு தடவை மட்டும் கேட்கிறது. பக்கத்து வீட்டு வண்டியில் 'டக டக டக' என்று வந்தது. இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. தொடர்ச்சியாக 'டக டக' என்று அடித்தால், செல்ஃப்பின் சோலனாய்டு (கரண்டு வந்தால் இழுக்கும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, இழுத்ததும் பேட்டரி சுருண்டுவிடுகிறது, விடுகிறது, திரும்ப இழுக்கிறது. பேட்டரியில் சார்ஜ் குறைவு அல்லது கிளாம்ப் கோளாறு.

அழுத்தமாக ஒரே ஒரு 'டிக்' கேட்டு, ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால், சோலனாய்டின் உள்ளே செம்புத் தகடு தேய்ந்திருக்கும், அல்லது மோட்டாரில் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மற்றவர் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டினால் சில நேரம் சுற்றிவிடும். இது வீடு வந்து சேர்வதற்கான வழி, மருந்தல்ல. தட்டி ஸ்டார்ட் ஆன வண்டியை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துச் செல்ஃப்பைச் சுற்றவைக்கும் வித்தையைப் பார்த்திருப்பீர்கள். அது எங்களுக்கே கை சுட்ட வித்தை. நீங்கள் செய்யாதீர்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? எந்த கியர்?

கியர் வண்டியின் பெரிய வரமே இதுதான். இரண்டாம் கியர். முதல் கியரில் சக்கரம் வெடுக்கென்று நின்றுவிடும். சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு, ஆள் ஓடும் வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விடுங்கள். பிடித்ததும் மீண்டும் மிதித்து, ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுங்கள். சாவியை ஆன் செய்ய மறந்துவிட்டு நான்கு பேரை அரை கிலோமீட்டர் தள்ளவைத்தவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், ஒருவர் என் உறவினர்.

தள்ளினால் பிடித்து நன்றாக ஓடுகிறது என்றால் அதுவே ஒரு சோதனை முடிவு: பெட்ரோலும் பொறியும் சரி, கோளாறு பேட்டரிக்கும் செல்ஃப்புக்கும் நடுவே. ஆனால் பேட்டரி அடியோடு செத்திருந்தால் தள்ளியும் பயனில்லை. கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ எஞ்சினுக்குப் பெட்ரோல் பம்பே கரண்டில்தான் ஓடுகிறது. கார்புரேட்டர் வண்டிக்கும், பொறிக்கு வோல்ட்டேஜை ஏற்றித்தரும் காயிலுக்குக் கொஞ்சமாவது கரண்டு வேண்டும். சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியைத் திரும்பத் திரும்பத் தள்ளினால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் அதைக் கெடுக்கும். இரண்டு முறைக்குமேல் வேண்டாம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றுவிட்டால் தள்ளாதீர்கள். பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் மேடு, கடலைப் பார்க்கிறவர்கள் குறுக்கே வருவார்கள். மேட்டில் இருந்து தானாக உருண்டாலும், எஞ்சின் ஓடாதபோது பிரேக்கை மிதிக்க இரண்டு மடங்கு பலம் வேண்டும். அபாய விளக்கைப் போட்டுவிட்டு ஆள் வரும்வரை காத்திருங்கள். பழைய அம்பாசடரில் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்ற வசதி உண்டு. சுற்றுகிறவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி விரலை விட்டு நழுவிப் போகும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் எலும்பு போகும்.

வேறு வண்டியில் இருந்து ஜம்ப் ஒயர் போடுவது எப்படி?

சிவப்பு ஒயர் முதலில்: உங்கள் பாசிட்டிவ், பிறகு அவர் பாசிட்டிவ். கறுப்பு ஒயர்: அவர் நெகட்டிவ், பிறகு உங்கள் எஞ்சினின் இரும்பு. உங்கள் பேட்டரியின் நெகட்டிவில் போடாதீர்கள். கடைசி முனையில் பொறி வரும், பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், இரண்டும் சந்திக்கக் கூடாது. அவர் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒயர் தடியாக இருக்கட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஒயர் சூடாகுமே தவிர வண்டியை எழுப்பாது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே இல்லை. இப்போது என்ன செய்வது?

முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வகை. இனி கேள்வி ஒன்றுதான்: பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா? வெட்கப்படாமல் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். பழைய வண்டியில் முள்ளே பொய் சொல்லும். டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, சத்தம் கேளுங்கள்.

பத்து விநாடி செல்ஃப் அடித்தபின் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியைத் தேடுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பில்டர், பம்ப், கார்புரேட்டர் என்று அந்த வழியே போங்கள். பொறியைப் பார்க்க, பிளக்கை ஒயரோடு மாட்டி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்து, கையை எடுத்துவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பிளக் கழற்றிய துளைக்கும் கார்புரேட்டருக்கும் தள்ளி வையுங்கள், பெட்ரோல் ஆவி அங்கேதான் இருக்கும். நீலமாகத் தெறித்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பலாக வந்தால் காயில், பாயின்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் சிறு சுவிட்ச்), அதோடு இருக்கும் கண்டன்சர் மூன்றையும் சந்தேகியுங்கள். பாயின்ட் உள்ள வண்டியில் அதன் முகத்தை உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்துவிட்டுப் பாருங்கள். கடற்கரையில் பாதி வண்டி அதிலேயே எழுந்துவிடும்.

மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

ஈரம் பிடித்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு இதே வேலைதான். பிளக்குக்குப் போகும் கரண்டு ஆயிரக்கணக்கான வோல்ட். ஒயரின்மேல் உப்புத்தூள் படிந்து, அதில் வாடைக்காற்றின் ஈரமும் சேர்ந்தால், கரண்டு பிளக்வரை போகாமல் ஒயரின் தோல்மேலேயே ஓடி எஞ்சினில் இறங்கிவிடும். வெறும் மழைத் தண்ணீரால் இவ்வளவு ஆகாது, உப்பு சேர்வதால்தான் ஆகிறது. அதனால்தான் பரமக்குடியில் மழையில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகிறது, பாம்பனில் நின்ற வண்டி ஆவதில்லை.

இரவில் விளக்கை அணைத்து, பானட்டைத் திறந்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒயர்களைச் சுற்றி நீலமாக மினுமினுக்கும், சிறு சொடுக்குச் சத்தமும் கேட்கும். அந்த ஒயர்களை மாற்றுங்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். தலைமுடிபோல் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் மூடி விரிசல், எத்தனை துடைத்தாலும் திரும்ப வரும். பெட்ரோலில் நனைத்துத் துடைக்காதீர்கள், பொறி பறக்கும் இடம் அது.

தனுஷ்கோடி போய்விட்டு வந்ததில் இருந்து தகராறு செய்கிறது. கடல்தண்ணீர் பட்டால் இப்படி ஆகுமா?

2017-இல் அரிச்சல்முனைவரை சாலை வந்தபிறகு எல்லோரும் காரிலேயே முனைவரை போகிறார்கள். இருபக்கமும் கடல். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கமிருந்து சாரலும் மணலும் சாலைக்கு வரும். ஒரு நாள் போய்வந்ததால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே நூலில் தொங்கிய பிடிப்பு ஏதாவது அறுந்திருக்கும். எர்த் பட்டை, செல்ஃப்பின் மெல்லிய ஒயர் இரண்டையும் முதலில் பாருங்கள். போய்வந்த அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பானட்டுக்குள் பீய்ச்சாதீர்கள், கழுவுகிறேன் என்று டிஸ்டிரிபியூட்டரை நனைத்துவிட்டு வருகிறவர்களே அதிகம்.

படம் எடுப்பதற்காக அலைக்குள் இறக்கினேன் என்று சொல்கிறவர்களுக்குத் தனிப் பதில்: காற்று பில்டர் ஈரமாக இருந்தால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். வண்டியை இழுத்துக்கொண்டு வாருங்கள்.

காக்கா (அண்ணே), நான் துபாயில் இருந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் கீழக்கரைக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் வண்டி கிடையாகக் கிடக்கிறது. என்ன செய்துவைத்துவிட்டுப் போவது?

வந்ததும் சாவியைத் திருப்புவதுதான் முதல் தவறு. முதலில் பானட்டைத் திறந்து, எலி கூடு கட்டியிருக்கிறதா, ஒயரைக் கடித்திருக்கிறதா பாருங்கள். எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள். பெட்ரோல் குழாயை விரலால் அழுத்துங்கள், முறுக்குபோல் வெடித்தால் மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் இருக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். ஓர் ஆண்டு நின்ற பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே கோடு தெரிந்தால், அல்லது பெயின்ட் வாடை வந்தால், டேங்கை வடித்துவிடுங்கள். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் காய்ந்து பிசின்போல் ஜெட்டை அடைத்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவாமல் செல்ஃப் அடித்துப் பேட்டரியைத் தீர்க்க வேண்டாம்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, காயிலுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளக் இல்லாமலேயே சில விநாடி செல்ஃப் அடியுங்கள். ஆயில் விளக்கு அணைந்ததும் எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

போகும்போது செய்ய வேண்டியது: நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி வைப்பது. முடிந்தால் பேட்டரியையே கழற்றி, மாதம் ஒரு முறை சார்ஜ் போடச் சொல்லி யாரிடமாவது கொடுப்பது. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும், பிறகு எந்தச் சார்ஜரும் அதைக் கரைக்காது. தம்பியிடம் சாவியைக் கொடுத்து, 'வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவை' என்பதில் பயனில்லை. ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடினால், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ்கூடத் திரும்பாது. ஏர்வாடிவரை போய்வரச் சொல்லுங்கள்.

வெயிலில் ஓட்டிவந்து அரை மணி நேரம் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. காலையில் முதல் சுற்றிலேயே எடுக்கிறது. எப்படி?

மேலே சொன்ன மழைக்காலக் கோளாறுக்கு நேர் எதிர். கார்புரேட்டர் வண்டியில் எஞ்சின் சூடு பெட்ரோலைக் கொதிக்கவைக்கும். குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் பெட்ரோல் வராது. கார்புரேட்டரில் இருந்து பொங்கி எஞ்சினுக்குள் இறங்கினால் அதிகமாகிவிடும். வாடை காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் நாற்றம் அடித்தால் அதிகம்: சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து எடுக்காதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுகிறீர்கள். வாடையே இல்லை என்றால் பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் காயில். சூட்டில் பொறி தராமல் ஆறியதும் தரும் காயில்கள் உண்டு. கோளாறு இருக்கும்போதே பொறியைச் சோதிக்க வேண்டும். காலையில் பட்டறைக்கு வந்தால் என்னிடமும் நல்ல பிள்ளையாகத்தான் நிற்கும்.

டீசல் ஜீப்புக்கும் இதே வழிதானா?

கரண்டுப் பகுதி அப்படியே பொருந்தும், இன்னும் கடுமையாக. டீசல் எஞ்சினைச் சுற்ற அதிக பலம் வேண்டும், பேட்டரி கொஞ்சம் சோர்ந்தாலே எடுக்காது. பொறி என்ற பேச்சே கிடையாது. செல்ஃப் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் வரவில்லை அல்லது குழாயில் காற்று. சைலன்சரில் கொஞ்சமும் புகை இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. பில்டரை மாற்றியபிறகோ டேங்க் காலியானபிறகோ இப்படி ஆனால், பில்டரின் காற்று ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அழுத்துங்கள். டீசலை அடைத்துத் திறக்கும் சோலனாய்டு உள்ள வண்டிகளில், சாவியை ஆன் செய்ததும் பம்பில் 'டக்' என்று கேட்க வேண்டும்.

வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றுகிறது. நல்லதுதானே?

நல்லதல்ல. உடனே நிறுத்துங்கள். காற்றை அழுத்தும் எதிர்ப்பு இல்லாமல் 'விர்ர்' என்று ஒரே சீராகச் சுற்றினால், எஞ்சினின் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மாருதி 800-இல் டிஸ்டிரிபியூட்டர் கேம் ஷாஃப்டோடு சுற்றுகிறது. மூடியைக் கழற்றிவிட்டு ஒரு விநாடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லி, உள்ளே சுற்றும் ரோட்டரைப் பாருங்கள். ரோட்டர் அசையாமல் நின்றால் பெல்ட் போய்விட்டது. பழைய அம்பாசடரில் பெல்ட் இல்லை, சங்கிலி, இந்தப் பயம் குறைவு.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை ஓடுகிறது. விட்டவுடன் நின்றுவிடுகிறது. இது என்ன கூத்து?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் குறைவு, வந்தால் எனக்கு மகிழ்ச்சி. சாவி சுவிட்சுக்குள் 'ஸ்டார்ட்' நிலைக்கு ஒரு வழி, 'ஆன்' நிலைக்கு ஒரு வழி. ஸ்டார்ட்டில் காயிலுக்குக் கரண்டு வருகிறது, ஆனில் வரவில்லை. ஆனில் வைத்து, டெஸ்ட் லேம்ப்பைக் காயிலின் பாசிட்டிவில் தொட்டுப் பாருங்கள். எரியாவிட்டால் சுவிட்சின் உட்பகுதி தேய்ந்திருக்கிறது. சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பீங்கான் உடம்போடு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். ஸ்டார்ட் நிலையில் கரண்டு அதைத் தாண்டிப் போகும், ஆன் நிலையில் அதன் வழியாகப் போகும். அது அறுந்தாலும் இதே கூத்துதான். கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டிவிடுங்கள்.

பட்டறைக்கு வர முடியவில்லை. சத்தத்தைப் போனில் பதிவுசெய்து அனுப்பினால் சொல்வீர்களா?

சொல்வேன். போனை பானட் பக்கம் வைத்து, சாவியைத் திருப்பும் முன்பே பதிவைத் தொடங்குங்கள். ஹெட்லைட் மங்கியதா என்பதையும் வாயால் சொல்லுங்கள். ஆடி மாதத்தில் ஒருவர் முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அனுப்பினார். நாற்பது விநாடிப் பதிவில் காற்றின் இரைச்சலும், சாவி திரும்பும் சத்தம் மூன்று முறையும், கடைசியில் 'கேட்டதா அண்ணே?' என்ற குரலும்தான் இருந்தன. கேட்டது என்றேன். ஹெட்லைட் மங்கவில்லை என்றார். செல்ஃப்பின் மெல்லிய ஒயரைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன். பிடுங்கத் தேவையே இல்லை, தொட்டதும் கையோடு வந்துவிட்டது என்றார்.